மிளகாய் வறுக்காத அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருக்காரர்களுக்கும், பள்ளியில் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கும், வாடகை வாங்க மறுத்த ஆட்டோத் தம்பிக்கும் வணக்கம்.

ஆடித் திருவிழா ராத்திரி நான் மூச்சு முட்டித் தவித்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. மூச்சு வருகிறது, குரல் வருகிறது, திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிறேன்.

இன்னும் பலர் "வீசிங் எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்கிறீர்கள். எனக்கு வந்தது ஆஸ்துமா இல்லை. மூச்சை இழுக்கும்போது விலகி வழிவிட வேண்டிய குரல்நாண்கள், விலகாமல் ஒன்றையொன்று நெருங்கி மூடிக்கொள்கின்றன. ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை விடும்போது நெஞ்சில் விசில் கேட்கும். இதில் இழுக்கும்போது தொண்டையில் கேட்கும். இன்ஹேலர் எனக்கு வேலை செய்யாமல் போனது அதனால்தான். மூக்கு வழியாகச் சின்னக் கேமராக் குழாயை விட்டுப் பார்த்துத்தான் டாக்டர் உறுதி செய்தார். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்குமாம். என் கதையைக் கேட்டுவிட்டு யாரும் இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, கீழ் வீட்டு அக்காவுக்கு வருகிறேன்.

என் தொண்டைக்கு ஆகாதவை என்று டாக்டர் சொன்னதில் ஊதுபத்தி, சாம்பிராணி, சென்ட், குளிர்காற்று எல்லாம் உண்டு. அந்தப் பட்டியலில் முதலிடம் மிளகாய் நெடிக்கு. அக்கா வாசலில் போடுவதோ தட்டுவடை செட் கடை, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் காய்கறித் துருவலும் சட்னியும் வைத்துத் தருவார். சிவப்புச் சட்னிக்குத் தினமும் மிளகாய் வறுத்தாக வேண்டும். அது அவருடைய பிழைப்பு. அதை நிறுத்துங்கள் என்று எந்த வாயால் கேட்பது? வேறு வீடு பார்க்கலாம் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

அப்புறம் பார்த்தால் நெடியே வரவில்லை. நான் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து வறுக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் மாடிப்படியில் இறங்கும்போது கடையில் ஒருவர், "என்னக்கா, சட்னி முந்தி மாதிரி இல்லியே" என்று கேட்டது காதில் விழுந்தது. "மிளகாய வெந்நீர்ல ஊறப்போட்டு அரைக்கறேன். பிடிச்சா சாப்பிடு" என்றார் அக்கா. அவ்வளவுதான். காரணம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சேலத்தில் செட் கடைக்குப் பஞ்சமா என்ன? சட்னி பிடிக்கவில்லை என்றால் அடுத்த முக்குக்குப் போய்விடுவார்கள். அது தெரிந்தும் கைப்பக்குவத்தையே மாற்றியிருக்கிறார், அதுவும் வாடகைக்கு வந்த ஒருத்திக்காக. இன்னும் எனக்கு இது முழுசாக ஜீரணமாகவில்லை.

தாளிப்பை மட்டும் தவிர்க்க முடியாது. அதற்கு முன்னால் கரண்டியால் தண்ணீர்க் குழாயில் ரெண்டு தட்டு தட்டுவார். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சொல்லித்தந்த மூச்சுப் பயிற்சியையும் அக்கா என்னிடம் கேட்டுக் கற்றுக்கொண்டார். தொண்டை இறுகும் நேரத்தில் நமக்குப் படித்தது ஒன்றும் ஞாபகம் வராது, பக்கத்தில் ஒருவர் சொல்ல வேண்டும். "தோளத் தொங்க விடு கண்ணு. கொத்தமல்லிக் கட்ட மோந்து பாக்கற மாதிரி மூக்குல இழு. இப்ப ஒதட்டக் குவிச்சு மெதுவா ஊது" என்பார். மூக்கால் மோந்து இழுக்கும்போது குரல்நாண்கள் தாமாக விலகும். உதட்டைக் குவித்து ஊதினால் தொண்டை தளரும். இழுப்பதைவிட ஊதுவது நீளமாக இருக்க வேண்டும், வயிறு அசைய வேண்டும், மார்பு அல்ல. நடுநடுவே ஒரு வாய் தண்ணீர். தினமும் சும்மா இருக்கும்போதே பழகினால்தான் இழுக்கும் நேரத்தில் கைகொடுக்கும். உதடு நீலம் பாய்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ, எதையாவது சாப்பிட்டவுடன் முகமோ நாக்கோ வீங்கினாலோ பயிற்சி செய்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இராத்திரி எதுக்களித்து வரும் அமிலமும் குரல்நாண்களைச் சீண்டுமாம். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடிக்க வேண்டும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். கட்டிலுக்குச் செங்கல் வைத்துக் கொடுத்தது பக்கத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன்கள். ஏழு மணிக்கு மேல் எனக்கு செட் கிடையாது என்பது அக்காவின் சட்டம்.

என் வகுப்புகளைப் பகிர்ந்துகொண்ட ஆசிரியர்களுக்கும், எங்கள் வாசலில் மட்டும் புகை காட்டாமல் போகும் சாம்பிராணி பாய்க்கும், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 20 வளைவும் முடியும்வரை பனிக்காற்று படாமல் ஜன்னல்களைச் சாத்த வைத்த கண்டக்டருக்கும் நன்றி. மிளகுக் கஷாயமும் தைலமும் கொண்டு வந்தவர்களுக்கும் நன்றி. கஷாயம் நெஞ்செரிச்சலைக் கூட்டியது, தைலத்தின் வாசமே எனக்கு ஆகாது. அன்பை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பள்ளியில் மூச்சு வாங்கும் பிள்ளையைப் பார்த்தால், சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்கிவிட்டு அக்கா சொன்ன மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவேன். அதோடு நிற்காமல் டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லிப் பெற்றோரையும் விடாமல் நச்சரிப்பேன்.

கடைசியாக, பழைய சட்னியைத் தேடும் வாடிக்கையாளர்களே, திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், அக்காவை விட்டுவிடுங்கள். மே மாதம் லீவுக்கு நான் ஊருக்குப் போய்விடுவேன். அப்போது வறுத்தே அரைக்கச் சொல்லியிருக்கிறேன்.