வளைவு நிமிர்ந்தபின் பழைய நாற்காலி பொருந்தாது

பெங்களூரு மருத்துவமனைகளின் முதுகெலும்பு அறுவைப் பிரிவினருக்கும் நிர்வாகிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

பெருமூளை வாதம், தசைச் சிதைவு போன்றவற்றால் முதுகு வளைந்துபோன வளரிளம் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்வது பெரிய அறுவைச் சிகிச்சை. வளைவு 50 பாகையைத் தாண்டி ஏறிக்கொண்டே போக, உட்காரவும் மூச்சுவிடவும் திணறும் பிள்ளையை அது தாங்கிப் பிடிக்கிறது. தோளுக்குச் சற்றுக் கீழே தொடங்கி இடுப்பெலும்பு வரை, 16 முள்ளெலும்புகளைத் திருகாணிகளாலும் கம்பிகளாலும் ஒன்றாகப் பிணைக்கிறீர்கள். அந்தக் கைத்திறனில் எங்களுக்குக் குறையில்லை. அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

உங்கள் கோப்பில் தாய் தகப்பன் பெயர் ஒப்புதல் படிவத்தோடு நின்றுவிடுகிறது. டிஸ்சார்ஜ் ஆன நிமிடத்திலிருந்து நர்ஸ் வேலையும் பிசியோ வேலையும் அவர்கள் தலையில்தான். ஆகவே கேட்கிறோம்: அறுவைக்குத் தேதி குறிக்கும் அன்றே வீடு திரும்பும் நாளுக்கான வேலையையும் தொடங்குங்கள். பெற்றோரை அந்த வேலையில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் முன்பே தொடங்க வேண்டியது சாப்பாடு. இந்தப் பிள்ளைகளில் பலர் எலும்பும் தோலுமாக இருப்பவர்கள். இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழே இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும். பரிசோதனைச் சீட்டில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "நல்லா சாப்பிடக் கொடுங்க" என்று சொன்னால் போதாது. விழுங்கத் திணறும் பிள்ளைக்கு எதை, எவ்வளவு கெட்டியாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை கொடுப்பது என்று உணவியல் நிபுணர் எழுதித் தர வேண்டும். சொத்தைப் பல்லையும் சிறுநீர்த் தொற்றையும் அந்த ஆறு வாரத்திலேயே தேடிச் சரிசெய்ய வேண்டும். அறுவைக்கு முந்தின நாள் கண்டுபிடித்தால் தேதி தள்ளிப்போகும். குடும்பம் மறுபடி லீவு சொல்ல வேண்டும், மறுபடி கடன் கேட்க வேண்டும்.

மருந்துகளில் இரண்டைத் தனியாகக் கேளுங்கள். வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடும் பிள்ளைக்கு இரத்தம் உறைவதில் கோளாறு இருக்கலாம். அதை நரம்பியல் மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். பயந்துபோய் வீட்டிலேயே நிறுத்திவிட்டு வரும் பெற்றோர் உண்டு. இன்னொன்று, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பாக்லோஃபென். பட்டினி போடும் நாளிலும் ஐசியுவிலும் அது விட்டுப்போனால் காய்ச்சலும் கடும் தசை இறுக்கமும் வரும், வலிப்புகூட வரும். பார்ப்பவர்களுக்குத் தொற்று மாதிரியே தெரியும். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, மாத்திரையா, கரைத்துக் குழாய்வழியா என்று பெற்றோர் கையால் எழுதிய தாள் ஒன்று கோப்பின் முதல் பக்கமாக இருக்கட்டும்.

ஐசியுவுக்கு வருவோம். பார்வையாளர் நேரம் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்ற விதி, பேச முடிகிற நோயாளியை மனதில் வைத்து எழுதப்பட்டது. பேசாத பிள்ளையின் வலியை அளக்க முகம், கால், அசைவு, அழுகை, சமாதானமாகும் தன்மை என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் அளவுகோல் உங்களிடம் இருக்கிறது. அதன் திருத்திய வடிவத்தில், அந்தப் பிள்ளைக்கே உரிய வலிக்குறிகளைப் பெற்றோரிடம் கேட்டுச் சேர்க்க இடம் விட்டிருக்கிறார்கள். வலித்தால் சிரிக்கிற பிள்ளை உண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு சிலைபோல் கிடக்கிற பிள்ளையும் உண்டு. "அமைதியாத் தூங்குறான்" என்று குறிப்பில் ஏறிவிடும். அளவுகோலில் விட்டிருக்கும் அந்த இடத்தை அறுவைக்கு முந்தின நாளே நிரப்புங்கள். வலி வேறு, தசை இறுக்கம் வேறு. இறுக்கத்துக்கு மார்ஃபினை ஏற்றிக்கொண்டே போனால் மூச்சு மந்தமாகும், மலச்சிக்கல் கூடும், இறுக்கம் அப்படியே இருக்கும். எது எது என்று பிரித்துச் சொல்ல, தினமும் அந்த உடம்பைத் தொட்டுப் பழகிய ஒருவர் பக்கத்தில் வேண்டும். இரவும் ஒருவருக்கு அட்டெண்டர் பாஸ் கொடுங்கள். பல மணி நேரம் குப்புறக் கிடந்ததால் முகமும் கண்ணும் வீங்கியிருக்கும் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: பச்சை நிற வாந்தி. முதுகு நிமிரும்போது வயிற்றுத் தமனிகளுக்கு இடையேயான கோணம் குறுகி, சிறுகுடலின் தொடக்கம் நசுங்கலாம். மெலிந்த பிள்ளைக்கு இந்த ஆபத்து அதிகம். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுத்துக் காத்திருப்பார்கள். வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தால் அன்றே வர வேண்டும் என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதிக் கொடுங்கள். தையலின் அடிமுனை டயப்பருக்குப் பக்கத்தில் இருப்பதால், கட்டின் கீழ் ஓரத்தை நீர் புகாதபடி ஒட்டவும், டயப்பரைக் கட்டுக்குக் கீழே மடித்துக் கட்டவும் சிஸ்டர்கள் செய்துகாட்ட வேண்டும். புண்ணைப் படமெடுத்து அனுப்ப ஒரு வாட்ஸ்அப் எண்ணும் வேண்டும். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் வந்து ஓபி வரிசையில் நிற்பதற்கு அஞ்சி, கசிவை இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறார்கள். கம்பிவரை இறங்கிய தொற்றுக்கு மறுபடியும் அறுவை அரங்கம்தான்.

இனி நாற்காலி. வளைவு நிமிர்ந்ததும் உட்காரும் உயரம் சில சென்டிமீட்டர் கூடிவிடும். தலைதாங்கி கழுத்தில் இடிக்கும், பக்கத் தாங்கி தவறான விலா எலும்பில் அழுத்தும். இடுப்பு ஒருபக்கம் தூக்கியிருந்ததற்காக வைத்த ஆப்பு, இடுப்பு சமமானபின் மறுபக்கத்தில் புண்ணை உண்டாக்கும். வளைந்த உடம்புக்கு அச்சு எடுத்த இருக்கை இனி உதவாது. மெலிந்த முதுகில் திருகாணித் தலைகள் துருத்துமிடத்தில் மெத்தை இளக்கமாக இருக்க வேண்டும். பிள்ளையை உட்காரவைத்த மறுநாளே டேப்பை எடுங்கள்: இருக்கையிலிருந்து அக்குள், தோள், உச்சந்தலை, பிட்டத்திலிருந்து முழங்கால் மடிப்பு, அங்கிருந்து குதிகால். ஜே.பி. நகரில் மொபிலிட்டி இந்தியா, லிங்கராஜபுரத்தில் ஏபிடி என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனங்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பிசியோ பிரிவு முன்கூட்டியே ஒரு போன் செய்தால், வீட்டுக்குப் போகும் முன் நாற்காலி தயாராகும்.

தூக்குவதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. பிள்ளையைப் புரட்டும்போது தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே நேரத்தில் மரக்கட்டைபோலத் திரும்ப வேண்டும். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. 35 கிலோ பிள்ளையை இத்தனை நாள் தனியாளாகத் தூக்கிய தாய்க்கு அந்தப் பிடிதான் பழக்கம். வார்டிலேயே இரண்டு பேராகக் குறைந்தது மூன்று முறை செய்யவிட்டுப் பாருங்கள். வீட்டில் பாயா கட்டிலா, இந்தியக் கழிப்பறையா என்று கேளுங்கள். முதுகு இனி வளையாது. மடியில் சாய்த்து ஊட்டுவது முடியாது. குனிந்து தட்டைத் தொட்டுத் தானாகச் சாப்பிட்ட பிள்ளைக்குத் தட்டை உயர்த்தி வைக்காவிட்டால் அந்தத் திறமையே போய்விடும். ஆட்டோவில் ஏற்ற முடியாது. கிளம்பும் முன் வலி மருந்தை எப்போது கொடுப்பது என்பதுகூட யாராவது சொன்னால்தான் தெரியும். சொல்லாமல் விட்டால், ஓசூர் ரோட்டின் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அது வலியாகத் தெரியவரும்.

17 வயதுப் பிள்ளை என்றால் பிறந்த தேதியை முதல் ஓபியிலேயே பாருங்கள். 18 ஆனபின் அறிவுத்திறன் குறைபாடோ பெருமூளை வாதமோ உள்ளவருக்குச் சட்டப்படியான காப்பாளர் சான்று, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் வாங்க வேண்டும். அதற்காக டி.சி. (மாவட்ட ஆட்சியர்) ஆபீஸுக்கு நடக்க நாள் பிடிக்கும். சிகிச்சையில் முன்னுரிமை, தனியார் மருத்துவமனையிலும் தடையற்ற அணுகல் ஆகியவை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவிலேயே இருக்கின்றன.

மருந்துத் தாள், வலிக்குறித் தாள், அபாயக் குறித் தாள் மூன்றின் வரைவையும் எளிய தமிழில் எழுதித் தர நாங்கள் தயார். கன்னடத்தில் பெயர்க்கவும் ஆள் இருக்கிறார்கள். உங்கள் தலைமை சிஸ்டரும் பிசியோவும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, திருத்தம் சொன்னால் போதும்.

அன்புடன்,
பெங்களூருவாழ் தமிழ்ப் பெற்றோர், பராமரிப்பாளர், பிசியோதெரபிஸ்டுகள்