கவுன்சலிங் பட்டியல்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள செல்வராஜுக்கு,

உன் கடிதம் வந்தது. பாப்பாவின் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகச் சொன்னேன். கணிதம் 96, இயற்பியல் 91, வேதியியல் 86. கணிதம் முழுசாக, மற்ற இரண்டும் பாதியாகச் சேர்த்தால் 200-க்குக் கட் ஆஃப் 184.5. நம் காலத்து நுழைவுத் தேர்வு 2007-லேயே போய்விட்டதால் இந்த மூன்று மார்க்தான் முழுக் கணக்கும். தங்கச்சி "இன்னும் நாலு மார்க் வந்திருக்கலாம்" என்று புலம்புவதாக எழுதியிருக்கிறாய். அதை முதலில் நிறுத்தச் சொல்.

சரி, பொறியியல் கலந்தாய்வுக்குக் கல்லூரி விருப்பப் பட்டியலை எந்த வரிசையில் போடுவது என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிரவுசிங் சென்டர்காரர் "184-க்குக் கிண்டி காலேஜ் எல்லாம் போடாதீங்க, முதல் இடம் வீணாப்போயிரும், கிடைக்கிற கல்லூரியை மேலே வைங்க" என்றாராமே. நல்ல எண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் அப்படியே தலைகீழ். தரவரிசைப்படி பாப்பாவின் முறை வரும்போது கம்ப்யூட்டர் அவள் பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். முதல் விருப்பத்தில் பொதுப் போட்டியில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் அவளுடைய இடஒதுக்கீட்டுப் பிரிவில் இருக்கிறதா, அதுவும் இல்லையென்றால் இரண்டாவது விருப்பம். எங்கே கிடைக்கிறதோ அங்கே நின்றுவிடும். அதனால் மேலே எட்டாத கல்லூரியைப் போடுவதால் ஒன்றும் குறையாது. கிடைக்கிற கல்லூரியை மேலே வைத்தால்தான் ஆபத்து. அது கிடைத்துவிடும், கீழே உள்ள நல்ல கல்லூரியைக் கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், கணக்கு கிடையாது. அப்புறம் எதற்குக் கஞ்சத்தனம்?

எங்கள் பெரியவனுக்குப் பட்டியல் போட்டபோது ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இன்னொன்று. போன வருஷக் கட் ஆஃப் மார்க்கை வைத்து யோசிக்காதே. கணக்குப் பேப்பர் சுலபமாக வந்த வருஷம் எல்லாக் கல்லூரிக்கும் மார்க் ஏறிவிடும், கடினமாக வந்தால் இறங்கிவிடும். தரவரிசை அந்த அளவுக்கு ஆடாது. ரேங்க் பட்டியல் வந்தவுடன் பாப்பாவின் பொது ரேங்க், பிரிவு ரேங்க் இரண்டையும் எழுதிக்கொள். ஒவ்வொரு கல்லூரியிலும் அந்தப் பாடப்பிரிவு கடைசியாக எந்த ரேங்கில் மூடியது என்று இரண்டு மூன்று வருஷத்துக்குப் பார். உங்கள் பிரிவுக்கு உள்ளதைப் பார், பொதுப் போட்டியை மட்டும் பார்த்துவிட்டுப் பயப்படாதே. கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் நிறைய கல்லூரிகள் இடங்களைக் கூட்டியிருக்கின்றன. அங்கே பழைய ரேங்கைவிடக் கொஞ்சம் பின்னாலும் போகலாம்.

பாப்பாவுக்கு எலக்ட்ரானிக்ஸ் (ஈசிஈ) மேல்தான் ஆசை என்றாய். அப்படியானால் மேலே கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி, இங்கே பிஎஸ்ஜி, சிஐடி, ஜிசிடி, மதுரைத் தியாகராசர் என்று தயங்காமல் போடு. பிஎஸ்ஜி மாதிரி சில கல்லூரிகளில் சில பாடப்பிரிவுகள் இரண்டு தடவை வரும். ஒன்றின் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'எஸ்எஸ்' என்று இருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் வேறு. கல்லூரியும் ஆசிரியர்களும் ஒன்றுதான், உன் பையில் இருந்து போகிற பணம் மட்டும் ஒன்றல்ல. கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு பிறகு இரண்டையும் பட்டியலில் சேர். குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கு உள்ள முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைக்காது, நீதான் பட்டம் வாங்கித் தொலைத்துவிட்டாயே.

உழைக்க வேண்டியது நடுப்பகுதியில்தான். அவள் ரேங்குக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் மூடிய கல்லூரிகள் எல்லாம் அங்கே வரும். உனக்குப் பக்கத்தில் உள்ள திருநெல்வேலி அரசுக் கல்லூரி, அப்புறம் காரைக்குடி, சேலம் அரசுக் கல்லூரிகள், எல்லாவற்றின் ரேங்கையும் எடுத்துப் பார். ஊரே தெரியாத ஒரு புதுக் கல்லூரியில் ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் என்று பலகை மாட்டியிருப்பதற்கு அரசுக் கல்லூரி ஈசிஈ-யைத் தள்ளிவிடாதே. இது என் கருத்துதான், பாப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால் அவள் சொல்வதே முடிவு. தனியார் கல்லூரி என்றால் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா. வரவேற்பறையில் காபி கொடுத்து உட்கார வைப்பார்கள். நீ எழுந்து ஆய்வகத்துக்குப் போ. மூன்றாம் வருஷப் பிள்ளைகள் யாராவது இருந்தால் எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள், ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, பஸ் கட்டணம் எவ்வளவு என்று கேள். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தையும் பார்.

கடைசியில் சில கல்லூரிகள், நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்தவை. இங்கேதான் பலர் கை போன போக்கில் எதையாவது போட்டு வைப்பார்கள். கிடைத்தால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாளா என்று ஒவ்வொன்றுக்கும் அவளையே கேள். முகம் சுளித்தால் எடுத்துவிடு. எதுவும் கிடைக்காமல் போனால் அடுத்த சுற்று இருக்கிறது, துணைக் கலந்தாய்வும் இருக்கிறது. ஆனால் அங்கே மிச்சம் மீதிதான், அதை நம்பிக் கீழ்ப்பகுதியை வெறுமையாக விடவும் கூடாது.

ஒதுக்கீடு வந்த பிறகு, இதைவிட மேலான இடம் வேண்டும் என்று 'அப்வர்ட்' கேட்டால், பட்டியலில் அதற்கு மேலே உள்ளவற்றை மட்டும்தான் பார்ப்பார்கள். மேலே ஒன்று கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். அதனால் வரிசை சரியாக இருக்க வேண்டும். விஐடி, எஸ்ஆர்எம், சாஸ்த்ரா எதுவும் இந்தக் கலந்தாய்வில் வராது. அவற்றுக்குத் தனி விண்ணப்பம், தனிப் பணம். அங்கேயும் ஒன்றில் போட்டு வைப்பதா என்பதை உன் வங்கிக் கணக்கைக் கேட்டு முடிவு செய்.

அந்தச் சென்டர்காரரிடம் பாஸ்வேர்டையும் ஓடிபி-யையும் மட்டும் கொடுத்துவிடாதே. பட்டியலை முடிவாக உறுதி செய்து பூட்டுவது பாப்பாவின் கையாக இருக்கட்டும்.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இப்போது பேப்பரில் வரி விளம்பரம் வரை படித்து விலைவாசியைத் திட்டுகிறார். பெரியவன் மூன்றாம் வருஷம் போகிறான். பாப்பா எது கேட்டாலும் சொல்லச் சொல்லியிருக்கிறேன், அவன் நம்பர் தங்கச்சியிடம் இருக்கிறது. உன் முழங்கால் வலிக்கு யாரைப் பார்த்தாய் என்று நீ எழுதவே இல்லை.

பட்டியலை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் போன வருஷ ரேங்கையும் குறித்து, பூட்டுவதற்கு முன்னால் வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பு. ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிட்டால் நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
ராமு