படியில் உட்கார்ந்திருந்த ஆயாவுக்கு

போன ஞாயிறு, ராயபுரம் மாதா கோயில் வாசற்படியில் என் பையனை மடியில் வாங்கிக்கொண்டீர்களே ஆயா, உங்களுக்குத்தான் இது.

மாதக் கடைசி கணக்கு வேலை. மூன்று வாரமாகப் பூசைக்கே வரவில்லை. வந்த அன்றும் முதல் வாசகம் முடிவதற்குள் இவன் அழ, வெளியே வந்து நின்றேன். நான் எதுவும் கேட்கவில்லை. மீன்கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "எங்கிட்ட குடு கண்ணு, உள்ள போ. அங்கருந்தே தெரியும் பாரு" என்றீர்கள்.

கடைசி பெஞ்சில் மண்டியிட்டேன். திரும்பிப் பார்த்தால் உங்கள் வளையலை உருட்டி விளையாடுகிறான். (கூடையில் காசிமேட்டு சங்கரா, ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. வியாபாரம் எவ்வளவு போனதோ!) பூசையில் அப்பம் பிட்குமுன் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது வாசல் பக்கம் திரும்பி உங்களுக்குத்தான் கைகூப்பினேன். பைக்குள் போன் அதிர்ந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

பேர் கேட்பதற்குள் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டீர்கள். இந்த ஞாயிறும் அதே படியில் தேடுவேன், ஆயா.