கஷ்டத்தையும் சொல்லி அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஓய்வு பெற்ற பிறகு வெளிநாட்டுக்கு ஊழியத்துக்குப் போகும் தம்பதிகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரை, நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதில் பேசிய எல்லோரும் சந்தோஷமாகப் போய்ச் சந்தோஷமாகவே திரும்பி வந்திருக்கிறார்கள். எங்கள் சபைகளில் சாட்சிக் கூட்டம் வைத்தாலும் இப்படித்தான், மைக்கைக் கையில் வாங்கியதும் "தேவன் அற்புதமாக நடத்தினார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும், நடந்ததில் பாதி வெளியே வராமலே போய்விடும். நானும் என் வீட்டுக்காரரும் ஜாம்பியாவில் ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர்கள். இப்போது எங்கள் பக்கத்தில் இன்னும் சில தம்பதிகள் போகலாமா என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்கே வந்து விசாரிக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். போங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் விஷயம் தெரிந்து போங்கள்.

நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் மின்வாரியத்தில் இருந்தவர். ஒரு சிறிய ஊழியக் குழு மூலமாகப் போனோம். சம்பளம் கிடையாது. தங்குவதற்கு வீடு கொடுத்தார்கள், டிக்கெட், சாப்பாடு, மருந்து எல்லாம் எங்கள் பென்ஷனில். பிள்ளைகளுக்குத் துளியும் இஷ்டமில்லை. "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று மகள் அழுதாள். ஒன்று சொல்கிறேன், அமெரிக்காவில் மகள் பிரசவத்துக்கு ஆறு மாதம் போய்ச் சமைத்துப் போட்டுவிட்டு வந்தால் இங்கே ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை, ஊர் பேர் தெரியாத பிள்ளைகளின் பிரசவத்துக்குப் போகிறேன் என்றால்தான் எல்லோருக்கும் வயது ஞாபகம் வருகிறது.

நாங்கள் இருந்தது லுவாபுலா மாகாணம், நாட்டின் வடக்கு மூலை, ஆற்றுக்கு அக்கரை காங்கோ. அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். இந்தியாவில் இல்லாத தேவையா, ஏன் ஜாம்பியா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அதற்குத் தெளிவான பதில் இருந்தது. 1806-ல் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபேயை அனுப்பியது லண்டன் மிஷன். 1838-ல் நெய்யூரில் ஆஸ்பத்திரி தொடங்கியதும் அதே மிஷன்தான். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த டாக்டர் சோமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்க்க வந்து, அங்கே கூட்டம் கூட்டமாக நின்ற நோயாளிகளையும் திணறிக்கொண்டிருந்த ஒரே சர்ஜனையும் பார்த்துத்தான் இங்கே வேலை செய்ய முடிவெடுத்தார். எங்கள் குடும்பத்தில் என் அம்மா தலைமுறையிலிருந்து நர்சிங் படித்தவர்கள் இருப்பதற்கு அந்த ஆஸ்பத்திரிதான் காரணம். அதே லண்டன் மிஷன்தான் 1900-ல் லுவாபுலாவில் எம்பெரேஷி என்ற ஊரில் மிஷன் நிலையம் தொடங்கியது. அங்கே 1915-ல் மேபல் ஷா என்ற பெண்மணி பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி ஆரம்பித்தார். லண்டன் மிஷன் மூலம் ஆப்பிரிக்காவுக்கு வந்த லிவிங்ஸ்டன் 1873-ல் இறந்தபோது, அவருடைய இதயத்தைப் புதைத்த சிதாம்போவும் லுவாபுலாவுக்குப் போகும் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித்தான் இருக்கிறது. நமக்குக் கிடைத்ததை அதே வீட்டின் இன்னொரு அறையில் போய்க் கொடுப்பதாகத்தான் நான் நினைத்தேன்.

போய் இறங்கிய முதல் வாரத்திலேயே பெரிய ஏமாற்றம். அந்த நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யாமல் நான் நோயாளியைத் தொடக்கூடாது என்று மேட்ரன் மரியாதையாகச் சொல்லிவிட்டார். சட்டம் சரியான சட்டம், நம் நாட்டிலும் அப்படித்தானே. ஆனால் அனுப்பியவர்கள் யாரும் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சான்றிதழ்களை இங்கிருந்து சரிபார்த்து வாங்கி, அது தலைநகர் லுசாகாவுக்குப் போய், பதில் வந்து சேர மாதக்கணக்கில் ஆனது. அதுவரை ஸ்டோரில் துணி மடித்தேன், மருந்து எண்ணினேன். வாழ்நாள் முழுக்க வார்டில் நின்றவள், வாசலில் நின்று எட்டிப் பார்க்க மட்டும்தான் முடிந்தது. ராத்திரி படுத்தால் தூக்கம் வராது, இதற்கா பிள்ளைகளை அழவிட்டு வந்தோம் என்று இருக்கும்.

அந்த மாதங்களில் என்னைக் காப்பாற்றியது பிரசவத்துக்குக் காத்திருக்கும் பெண்களின் விடுதி. தொலைதூரக் கிராமத்துப் பெண்கள் நாள் நெருங்குவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே வந்து அங்கே தங்கிவிடுவார்கள், பாத்திரம், விறகு, மாவு எல்லாம் அவர்களே கொண்டு வந்து வெளியே கல் கூட்டிச் சமைப்பார்கள். சமைப்பது என்ன தெரியுமா, நம்ம மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு! விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் திருவிதாங்கூரில் பரவிய கிழங்கு, அங்கே அதுதான் மூன்று வேளைச் சாப்பாடு. நாம் அவித்து மீன் கறி ஊற்றிச் சாப்பிடுவோம். அவர்கள் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டுக் கசப்பை எடுத்து, வெயிலில் வெள்ளை வெளேரென்று காயவைத்து, உரலில் இடித்து மாவாக்கிக் களி கிண்டுகிறார்கள். நாம் ஆட்டுக்குப் போடும் இலையைக்கூட இடித்து, நிலக்கடலைப் பொடி சேர்த்துக் கறி வைக்கிறார்கள், அது நல்ல ருசி. ஒரு நாள் நான் உலக்கையை வாங்கி இடித்தேன், நிறைமாத கர்ப்பிணிகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதற்கப்புறம் நான் அவர்களுக்குப் பாமாயோ ஆகிவிட்டேன், அம்மா என்று மரியாதையாக அழைப்பது. பெரியவர்களைப் பார்த்தால் முழங்காலை மடித்து, உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டி வணக்கம் சொல்வார்கள். என் பெம்பா மொழி எல்லாம் அந்த அடுப்படியில் படித்ததுதான்.

பதிவு வந்ததும் பிரசவ வார்டில் இளம் நர்ஸுகளோடு வேலை செய்தேன். பிறந்து அழாத குழந்தைக்கு முகமூடியும் பையும் வைத்து மூச்சுக் கொடுப்பதை பொம்மையில் திரும்பத் திரும்பப் பழக்கினேன், நிமிஷத்துக்கு 40 தடவை, மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார், ஏறவில்லை என்றால் தலையைச் சரி செய், மறுபடி. அதில் ஒரு பெண்ணுக்குப் பயம் அதிகம், கை நடுங்கும். ஒரு ராத்திரி கரண்ட் இல்லாமல், ஒருவர் செல்போன் வெளிச்சம் பிடிக்க, நீலமாகப் பிறந்த பிள்ளையை அவளே அழவைத்திருக்கிறாள். என்னைக் கூப்பிடக்கூட இல்லை. காலையில் நான் போனதும் கையைப் பிடித்துத் தொட்டில் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். என் வேலைக்காலம் முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான் என்பேன், நான் இல்லாமல் நடந்ததால்தான் அது அவ்வளவு பெரிய சந்தோஷம். கொஞ்ச நாளில் அவளை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அரசாங்க உத்தரவு, யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கேயும் பிள்ளைகள் பிறக்கும், அங்கேயும் அவள் கை தேவை என்று பிறகு மனதைத் தேற்றிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரின் கதை வேறு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு பூட்டிய ஷெட், திறந்தால் வெளிநாட்டு நன்கொடை இயந்திரங்கள் கூரை வரை. பாதிக்கு மேல் 110 வோல்ட்டில் ஓடுபவை, அங்கே நம் ஊர் மாதிரி 230. செருகி எரிந்துபோனவையும் உண்டு. நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார்கள், ஆனால் அந்த ஊரில் என்ன வோல்ட் என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அவர் அதில் தேறுகிறதைத் தேற்றினார். அதற்குள் 2024 வறட்சி வந்தது, பிப்ரவரி கடைசியில் அரசாங்கமே தேசியப் பேரிடர் என்று அறிவித்தது. எங்கள் பக்கம் மழை அவ்வளவு மோசமில்லை, ஆனால் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி தண்ணீரை நம்பியது, கரிபா அணை வற்றினால் நாடு முழுக்க இருட்டு. நாளில் சில மணி நேரம் கரண்ட் வந்தாலே பெரிது என்று ஆனது. சோலார் பேனலும் பேட்டரியும் வைத்துப் பிரசவ வார்டுக்கும் தடுப்பூசி பிரிட்ஜுக்கும் மட்டும் தனி லைன் இழுத்தார், உள்ளூர்ப் பையன் ஒருவனைக் கூடவே வைத்துக்கொண்டு ஒவ்வொரு வயரையும் அவன் கையாலேயே போடவைத்தார். இப்போதும் அந்தப் பையன் வாட்ஸ்அப்பில் பேட்டரியின் படம் அனுப்பிச் சந்தேகம் கேட்கிறான்.

எல்லாவற்றிலும் பெரிய வலியைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் அங்கே இருந்தபோது அவருடைய அண்ணன் இறந்துவிட்டார், அப்பா ஸ்தானத்தில் இருந்து அவரைப் படிக்கவைத்த அண்ணன். லுசாகாவுக்கே ஒரு முழு நாள் பஸ், அதற்கப்புறம் விமானம், டிக்கெட் விலையோ கையில் இருந்ததைவிட அதிகம். அவசரத்துக்கு என்று அனுப்பியவர்கள் ஒன்றும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. அடக்கத்தை வாட்ஸ்அப் வீடியோவில் பார்த்தோம். கல்லறைத் தோட்டத்துக்குள் நுழையும்போது சிக்னல் போய்விட்டது. அவர் போனைக் கீழே வைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். எப்படியோ கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள், முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்து விடிய விடியப் பாடினார்கள். பார்த்தே இராத ஒரு மனிதருக்காக! அந்த ஊரின் வழக்கம் அது, துக்க வீட்டை ராத்திரி தனியாக விடமாட்டார்கள்.

இதெல்லாம் முடிந்து ஊருக்கு வந்தோம். பொன்னாடை போர்த்தினார்கள், சாட்சி சொல்ல ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். கூட்டம் முடிந்ததும் முதலில் வந்த கேள்வி, எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தீர்கள் என்பது. ஐயா, அரசியல் சாசனத்திலேயே கிறிஸ்தவ நாடு என்று எழுதி வைத்திருக்கும் தேசம் அது. எங்களைவிட நன்றாக ஜெபிக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை பாடத் தொடங்கினால் மத்தியானம் வரை நிறுத்தாதவர்கள். நாங்கள் போனது வேலைக்கு. வேலை என்ன ஆனது, அந்த நர்ஸ் என்ன ஆனாள், உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. இரண்டு வருஷம் பேசவேண்டியது எங்கள் இருவருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. சொல்லப்போனால் அங்கே பட்ட எந்தக் கஷ்டத்தையும்விட இதுதான் என்னை அதிகம் சோர்வாக்கியது.

லுசாகாவில் ஒரு விருந்தினர் விடுதியில் அமெரிக்காவின் யூட்டாவிலிருந்து வந்த வயதான தம்பதியைச் சந்தித்தோம், மார்மன் சபைக்காரர்கள். அவர்களுடைய உபதேசம் எங்களுடையது அல்ல. ஆனால் ஏற்பாட்டைக் கேட்டபோது எனக்கு ஏக்கமாக இருந்தது. அவர்களும் சொந்தச் செலவில்தான் வருகிறார்கள், ஆனால் 6 மாதம் முதல் 23 மாதம் வரை எவ்வளவு காலம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம், வேலை என்ன என்று முன்கூட்டியே தெரியும், வீட்டில் முக்கியமான காரியம் என்றால் இடையில் கொஞ்ச நாள் சொந்தச் செலவில் போய்வரவும் விதி இருக்கிறது. இவ்வளவு நம்மால் முடியாதா?

அனுப்புகிற சபைகளையும் குழுக்களையும் கேட்டுக்கொள்கிறேன், அங்கே என்ன வேலை என்று அந்த ஊர்க்காரர்களிடமே எழுதி வாங்குங்கள். அவசர டிக்கெட்டுக்கு ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள், 60 தாண்டியவர்களின் வீட்டில் சாவு வரத்தான் செய்யும். திரும்பி வந்தவர்களை மேடையில் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு நாள் முழுக்க உட்காரவைத்துக் கேளுங்கள், கசப்பானதையும் கேளுங்கள். நீங்களும் இன்னொரு கட்டுரை போடுவதாக இருந்தால், பாதியில் திரும்பி வந்தவர்களிடமும் பேசுங்கள் ஐயா, அவர்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கிளம்ப நினைக்கும் தம்பதிகளுக்கு: நர்ஸ், டாக்டர், லேப் டெக்னீஷியன் யாராக இருந்தாலும் அந்த நாட்டுக் கவுன்சிலில் பதிவு கையில் வராமல் டிக்கெட் எடுக்காதீர்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரை அங்கே எது கிடைக்கும் எது கிடைக்காது என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு, டாக்டர் சீட்டோடு கொண்டு போங்கள். மலேரியா தடுப்பு மாத்திரையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். போய் இறங்கியதும் மொழியைக் கற்றுத் தர ஒருவரைப் பிடியுங்கள், அடுப்படியில் நிற்கிறவர்களாக இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர்,
கன்னியாகுமரி மாவட்டம்