மட்டி எதைத் தின்றது?

அன்புள்ள மரகதம்,

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு.

“ஐசோடோப்பு என்கிறாயே, கதிர்வீச்சு பட்டுவிடாதே?” என்று கேட்டிருந்தாய். பயப்படாதேடி. ஐசோடோப்பு என்றால் ஒரே தனிமத்தில் எடை மட்டும் வேறுபடும் அணுக்கள். எந்த உயிர் எதைத் தின்றது என்று கண்டுபிடிக்க நான் அளப்பவை சிதையாதவை. கார்பனில் நூற்றுக்கு ஒன்று மட்டும் சற்றுக் கனமான கார்பன் 13. உங்கள் வயல் நெல் அதைப் பெரிதும் ஒதுக்கும். கரும்பு அவ்வளவாக ஒதுக்காது. இங்கே அமெரிக்காவின் கேப் காட் கடற்கரை உவர்ச் சதுப்பில் வளரும் ஸ்பார்ட்டினா புல்லும் கரும்பின் வழிதான். ஒரு பொது அளவுகோலைவிடக் கார்பன் 13 ஆயிரத்துக்கு எத்தனை குறைவு என்ற கணக்கில் புல் மைனஸ் 13 காட்டும். மேட்டு நில மரங்கள் மைனஸ் 28, கடலின் நுண்பாசி நடுவே மைனஸ் 21. தின்கிற உயிரின் சதையிலும் ஏறக்குறைய அதே எண் வந்து சேரும்.

சிக்கலும் அங்கேதான். சதுப்பில் ஒட்டி வாழும் சிப்பி உயிரான மட்டி ஒன்றின் சதை மைனஸ் 21 என்றால், அது பாசியைத் தின்றதா, புல் மக்கலையும் இலை மக்கலையும் சரிபாதி தின்றதா? கார்பனை மட்டும் நம்பினால் தெரியாது. 1985இல் பீட்டர்சன், ஹோவர்த், கேரிட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இங்குள்ள கிரேட் சிப்பெவிசெட் சதுப்பு மட்டிகளில் நைட்ரஜனையும் கந்தகத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். சதுப்புச் சேற்றில் அழுகிய முட்டை வாடை வீசுமே, துப்பு அதில்தான் இருந்தது. சேற்றுப் பாக்டீரியாக்கள் கடல்நீர்ச் சல்ஃபேட்டில் லேசான கந்தகத்தையே விரும்பி எடுத்துச் சல்ஃபைடாக்குகின்றன. புல்லின் வேர் அதை உறிஞ்சுகிறது. ஆகவே புல்லின் கந்தகம் லேசு, பாசியின் கந்தகம் கடலைப் போலவே கனம். சதுப்பின் உள்ளே இருந்த மட்டிகள் புல்லையும், கடல்வாய்ப் பக்கம் இருந்தவை பாசியையும் அதிகம் தின்றிருந்தன. மரத்து இலைக்குப் பெரிய பங்கே இல்லை. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது: நகராத உயிர், ஒட்டிய இடம் அதன் உடம்பிலேயே பதிந்திருக்கிறது.

பிச்சாவரத்துக்கு மகளோடு போகப்போவதாக எழுதியிருந்தாயே, உப்புச் சேற்றில் வளரும் உமரிச் செடியைப் பார்த்து வா. அதில் சுவேடா மரிட்டிமா என்ற வகை நெல்லின் வழி, சுவேடா மோனாய்க்கா என்ற வகை கரும்பின் வழி; அங்கே இரண்டும் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஒரு படம் எடுத்து அனுப்பு. அங்குள்ள சேற்று நண்டுகள் எதைத் தின்கின்றனவோ என்று நினைத்தபடியே இருக்கிறேன்.

உன்,
வாசுகி