உறையும் குழாய்களில் கவனம் தேவை

ஆசிரியருக்கு,

அணுமின் நிலையங்களின் குளிர்கால ஆயத்தம் குறித்த தங்கள் தலையங்கம், அழுத்தத்தையும் நீர்மட்டத்தையும் அளக்கும் கருவிகளுக்குச் செல்லும் மெல்லிய குழாய்களைக் குறிப்பிடவில்லை. இக்குழாய்களிலும் அவசரகாலக் குளிர்விப்பு அமைப்புகளிலும் தேங்கி நிற்கும் நீரே எளிதில் உறைகிறது. உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிந்து குழாயையே பிளந்துவிடவும் கூடும். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1979-லேயே இது குறித்து நிலையங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

நான் பராமரிப்புப் பிரிவில் பணியாற்றிய நிலையம் ஒன்றில், இத்தகைய குழாய் உறையாதிருக்க அதன் வெப்பக்காப்பு உறைக்குள் சுற்றப்பட்டிருந்த சூடேற்றும் கம்பி மின்சாரமின்றிக் கிடந்தது. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்க, குழாயில் நீர் உறைந்ததால் அளவுமானியின் முள் மட்டும் மணிக்கணக்கில் அசையாமல் நின்றது. ஆகவே, குளிர்காலத்துக்கு முன்பே அக்கம்பிகளில் மின்னோட்டத்தை அளந்து பதிவு செய்வதையும், மின்சாரம் நின்றால் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை ஒலிப்பதையும் கட்டாயமாக்க வேண்டும்.