மைலோ டின்னுக்குள் வைத்த குளிசை

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ பேசும்போதே மூக்கு அடைத்திருந்தது தெரிந்தது. டெக்சாஸில் தை மாதம் வந்தால் சீடர் மரத்தின் மகரந்தம் புகை மாதிரிப் பறக்கும், ஊர்க்காரரே அதற்குச் 'சீடர் காய்ச்சல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றாய். சரி, தும்மல் எங்கள் குடும்பச் சொத்து. ஆனால் "அம்மா, நீங்கள் தந்த பிரிட்டோன் ஒன்று போட்டேன், நாளைக்குக் காலையில் விமானம் ஓட்ட வேணும்" என்றாயே, அதோடு என் நித்திரை போய்விட்டது. அந்த மைலோ டின்னுக்குள் அட்டைகளைச் சுற்றி வைத்தவள் நான்தானே. பறப்பைத் தள்ளிவைத்துவிட்டேன் என்று நீ மெசேஜ் போட்ட பிறகுதான் தேத்தண்ணீர் உள்ளே இறங்கியது.

இங்கே தடிமன் என்றால் கொத்தமல்லி அவித்துக் குடிப்போம், இரவில் ஒரு பிரிட்டோன், அதாவது குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமைக் குளிசை, போடுவோம். யாரும் அதை மருந்தாக எண்ணுவதில்லை. 27 வருடம் பாமசியில் நின்ற நானே எண்ணவில்லை.

உனக்குச் சொல்லாத ஒரு கதை இருக்கிறது. நீ ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், ஒரு மழைக்காலத்தில் காலையில் ஒரு பிரிட்டோன் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பிரஷர் குளிசை வாங்க ஒரு ஐயா வந்தார். எண்ணிக் கொடுத்தேன், உறையிலும் எழுதிக் கொடுத்தேன். காலி வீதியைக் கடந்து போனவர் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். "பிள்ளை, நான் பத்து வருஷமாய்க் காலையில் ஒன்றுதானே குடிக்கிறன்?" உறையை வாங்கிப் பார்த்தால் 'மூன்று வேளை' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு நான் ஒரு கொட்டாவிகூட விடவில்லை. நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐயா உறையை வாசிக்காத ஆளாக இருந்திருந்தால்?

"எனக்கு நித்திரை வரவில்லை அம்மா, அப்போ ஓகேதானே" என்று நீ கேட்டதற்குத்தான் இதைச் சொல்கிறேன். அமெரிக்காவின் அயோவாவில் ஒவ்வாமை மருந்து கொடுத்து ஆட்களைக் கார் சிமுலேட்டரில் இருத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டில் வந்தது. பெனட்ரிலில் இருக்கும் டைபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம் எடுத்தவர்கள், மது குடித்து ஓட்டியதைவிட மோசமாக ஓட்டினார்கள். புதிய வகை மருந்தான பெக்சோபெனடின் எடுத்தபோது மருந்தில்லாத வெற்றுக் குளிசை போட்டது போலவே ஓட்டினார்கள். எனக்கு உறைத்தது வேறொன்று. தங்களுக்கு எவ்வளவு நித்திரை வருகிறது என்று அவர்கள் சொன்னதை வைத்து யார் பிழைவிடுவார் என்று கணிக்கவே முடியவில்லையாம்.

பிரிட்டோனும் டைபென்ஹைட்ரமின் மாதிரிப் பழைய சாதிதான். மூளைக்குள் போகும். பாதி வெளியேறவே 20 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அமெரிக்காவில் விமானிகளுக்கு விதி வைக்கும் எப்.ஏ.ஏ. சொல்லும் கணக்கு அந்த நேரத்தைப் போல் ஐந்து மடங்கு காத்திரு என்பது. ஆக, இரவு போட்ட ஒரு சின்னக் குளிசைக்கு நான்கைந்து நாள் தரையில் இருக்க வேண்டும். டைபென்ஹைட்ரமினுக்கு 60 மணித்தியாலம். செட்டிரிசினைப் புதுசு, நித்திரை வராது என்று நானே எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன்! அதற்கும் 48 மணித்தியாலம் இருக்கிறது.

அங்கே கடைத் தட்டில் எடுக்கும்போது முன்பக்கத்துப் பெயரை நம்பாதே, பின்பக்கத்தைத் திருப்பி உள்ளே என்ன மருந்து என்று பார். 'பீ.எம்.' என்றோ இரவுக்கு என்றோ போட்டிருந்தால் பெரும்பாலும் டைபென்ஹைட்ரமின் அல்லது அதே சாதியான டொக்சிலமின் ஒளிந்திருக்கும்.

உனக்கு ஆகக்கூடியவை லொராடடின், பெக்சோபெனடின். அதையும் முதல்முறை போடுகிறாய் என்றால் 48 மணித்தியாலம் தரையில் இருந்து, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஏற வேண்டும். லொராடடின் நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்கு மேல் வேண்டாம், கூட்டினால் அதுவும் மந்தமாக்கும். பெக்சோபெனடினைத் தண்ணீரோடு குடி. தோடம்பழச் சாறு, அப்பிள் ஜூஸ் எல்லாம் அது உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். உனக்குக் காலையில் ஜூஸ் இல்லாமல் விடியாதே! புளூட்டிகசோன் மூக்கு ஸ்பிரேக்கும் தடையில்லை. ஆனால் அது முழுதாக வேலை செய்யச் சில நாள் எடுக்கும், அடுத்த வருடம் மரம் பூக்கும் முன்பே தொடங்கு. எதற்கும் உனக்கு விமானிக்கான மெடிக்கல் சான்றிதழ் தந்த வைத்தியரைக் கேட்டுவிட்டு எடு. அம்மா சொன்னாள் என்று போடாதே, போன முறை அம்மா சொன்னதுதான் பிரிட்டோன்.

இன்னொன்று. மருந்து சரியானதாக இருந்தாலும் மூக்கு அடைத்திருந்தால் ஏறாதே. ஏறும்போது காது எப்படியோ சமாளித்துவிடும். இறங்கும்போதுதான் வெளி அமுக்கம் கூட, மூக்கின் பின்பக்கத்தைக் காதோடு இணைக்கும் குழாய் அடைத்துத் திறக்காமல் செவிப்பறை உள்ளே இழுபடும். ஓடுபாதையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு இருக்க முடியாது. மூக்கைப் பொத்தி மெல்ல ஊதிப் பார், இரண்டு காதும் திறக்கிறதா என்று.

பறப்பு மணித்தியாலம் குறைகிறது, பணம் போகிறது என்று உனக்குக் கவலை இருக்கும். அப்பாவிடம் பேசிவிட்டேன். அதைப் பற்றி யோசிக்காதே.

டின்னில் நான் வைத்தது இரண்டு அட்டை, 20 குளிசை. இப்போது எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணி, எந்தத் திகதியில் எத்தனை போட்டாய் என்றும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா